மில்லிமீட்டர் அலைகள் எப்படிப் பயணிக்கின்றன, கற்றைகள் எப்படித் திரும்புகின்றன

மில்லிமீட்டர் அலைகளைப் பற்றிய அறிமுகங்களில் பெரும்பாலானவை, அவை வெகுதூரம் செல்லாதவை என்று தொடங்கி, காற்று அவற்றை விழுங்கிவிடுவதே அதற்குக் காரணம் என்று சொல்லி முடித்துக்கொள்கின்றன. கைப்பேசி வலையமைப்புகள் இன்று பயன்படுத்தும் அதிர்வெண்களைப் பொறுத்தவரை, முதலில் சொல்லப்படுவதில் ஓரளவு உண்மை உண்டு. சொல்லப்படும் காரணத்தில் இல்லை. 28 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டர் பயணிக்கும்போது காற்று உட்கவர்வது ஏறத்தாழ 0.1 டெசிபல், அதாவது ஆற்றலில் இரண்டு, மூன்று விழுக்காடு மட்டுமே. சிக்னல் வேறு இடங்களில் தொலைகிறது. அது எங்கெங்கே தொலைகிறது என்று புரிந்துகொண்டால்தான், ஆன்டெனாக்களை வரிசையாக அடுக்கி அலைகளை ஒரு கற்றையாகத் திரட்டித் திருப்பும் நுட்பம் இந்த அலைகளுக்கு ஏன் இன்றியமையாததாகிறது என்பதும் விளங்கும்.

முறையான வரையறைப்படி, 30 முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் கொண்டவை மில்லிமீட்டர் அலைகள். அவற்றின் அலைநீளம் 10 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை இருக்கும். கைப்பேசித் துறை இதைச் சற்றுத் தாராளமாக எடுத்துக்கொண்டு, 24.25 கிகாஹெர்ட்ஸ் தொடங்கியே அப்பெயரை வழங்குகிறது. 2018-இல் நிறைவடைந்த முதல் 5ஜி தரநிலையில், கைப்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 24.25 முதல் 52.6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைத் தனி அதிர்வெண் வரம்பாக வகுத்தது. 2019-இல் எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக்கில் கூடிய உலக வானொலித் தகவல்தொடர்பு மாநாடு, 24.25 முதல் 27.5 வரையிலும் 37 முதல் 43.5 வரையிலுமான பகுதிகள் உட்படப் பல பட்டைகளைக் கைப்பேசிச் சேவைக்கென அடையாளம் காட்டியது. இந்த அலைகள் புதியவை அல்ல. ஜகதீஷ் சந்திர போஸ் 1890-களிலேயே கல்கத்தாவில் சில மில்லிமீட்டர் அலைநீளம் கொண்ட அலைகளை உருவாக்கி, அவற்றின் எதிரொளிப்பையும் விலகலையும் முனைவாக்கத்தையும் ஆராய்ந்தார். 1897-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவற்றைச் செய்தும் காட்டினார். அவர் செய்தவற்றைத் தொடர உலகம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது என்பது இன்றும் வியப்பளிக்கிறது.

இவ்வளவு உயரமான அதிர்வெண்ணுக்கு ஏன் போக வேண்டும் என்ற கேள்விக்கு விடை எளியது: அங்கே இடம் இருக்கிறது. தகவலின் வேகம் முதன்மையாக அதற்குக் கிடைக்கும் பட்டையின் அகலத்தைப் பொறுத்தது. 6 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே 5ஜி தரநிலை ஒரு தடத்துக்கு அதிகபட்சம் 100 மெகாஹெர்ட்ஸ் அனுமதிக்கிறது. மேலே சொன்ன உயர் வரம்பிலோ ஒரே தடம் 400 மெகாஹெர்ட்ஸ் வரை விரியலாம். இதற்கு ஒரு விலையும் உண்டு. அகலமான வாசல் வழியாக இரைச்சலும் அதிகமாகவே உள்ளே வரும். 20 மெகாஹெர்ட்ஸ் தடத்தோடு ஒப்பிட்டால் 400 மெகாஹெர்ட்ஸ் தடத்தில் வெப்ப இரைச்சல் 20 மடங்கு, அதாவது 13 டெசிபல் கூடுதல்.

டெசிபல் கணக்கை இங்கேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் இனி வரும் எல்லா இழப்பும் அதில்தான் சொல்லப்படும். 3 டெசிபல் இழந்தால் ஆற்றல் பாதியாகிறது. 10 இழந்தால் பத்தில் ஒரு பங்கும், 20 இழந்தால் நூறில் ஒரு பங்கும், 30 இழந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கும் மிஞ்சும். வழியில் அடுத்தடுத்து நேரும் இழப்புகளைப் பெருக்க வேண்டியதில்லை, கூட்டிக்கொண்டே போகலாம்.

தூரம் தின்னும் பங்கு

ஓர் ஆன்டெனா எல்லாத் திசைகளிலும் சமமாக அலைகளைப் பரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் தள்ளி, அந்த ஆற்றல் 100 மீட்டர் ஆரமுள்ள ஒரு கோளத்தின் பரப்பில் விரவியிருக்கும். அந்தக் கோளத்தில் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு ஆற்றல் விழுகிறது என்பது கோளத்தின் அளவை மட்டுமே பொறுத்தது, அதிர்வெண் 2.8 கிகாஹெர்ட்ஸ் ஆனாலும் 28 கிகாஹெர்ட்ஸ் ஆனாலும் அது ஒன்றே. வேறுபாடு முழுவதும் வாங்கும் முனையில் இருக்கிறது. எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வாங்கும் ஓர் ஆன்டெனா அள்ளும் பரப்பு அலைநீளத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் அமைவது. 2.8 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 10.7 சென்டிமீட்டர், அள்ளும் பரப்பு ஏறத்தாழ 9 சதுர சென்டிமீட்டர். 28 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 10.7 மில்லிமீட்டர், அள்ளும் பரப்பு 9 சதுர மில்லிமீட்டர் மட்டுமே. ஒரே மழையில் அண்டாவையும் சிமிழையும் வைத்தால், சிமிழில் குறைவாகத் தண்ணீர் சேர்வதற்கு மழையைக் குறை சொல்ல முடியாது.

வானொலிப் பொறியாளர் ஹரால்டு ஃப்ரீஸ் 1946-இல் வெளியிட்ட சமன்பாடு இதையே சுருக்கமாகச் சொல்கிறது. அதன்படி, தடையற்ற வெளியில் 100 மீட்டருக்கு 2.8 கிகாஹெர்ட்ஸில் இழப்பு ஏறத்தாழ 81 டெசிபல்; 28 கிகாஹெர்ட்ஸில் 101 டெசிபல். நூறு மடங்கான இந்த 20 டெசிபல் வேறுபாடு, காற்றுவெளியில் எரிந்துபோன ஆற்றல் அல்ல. சிறிய ஆன்டெனா அள்ளத் தவறிய ஆற்றல். அப்படியானால் வாங்கும் முனையில் பல சிறு ஆன்டெனாக்களை அடுக்கி, பழைய 9 சதுர சென்டிமீட்டர் பரப்பையே நிரப்பிவிட்டால் அந்த 20 டெசிபலும் திரும்பக் கிடைத்துவிடும். அனுப்பும் முனையிலும் அதே பரப்பை நிரப்பினால், இன்னொரு 20 டெசிபல் உபரியாகவே வந்து சேரும். அதாவது, இரு முனைகளிலும் பரப்பு சமமாக இருக்குமானால் உயர்ந்த அதிர்வெண்ணே நன்றாகச் செல்கிறது. இது பலருக்கும் நம்ப முடியாததாகத் தோன்றும், ஆனால் நேரடியான கணக்கு. இதில் அடங்கியிருக்கும் நிபந்தனை ஒன்றுதான், அதிலிருந்தே மற்றச் சிக்கல்கள் எல்லாம் முளைக்கின்றன: அலைநீளத்தைவிடப் பெரிய பரப்புள்ள ஆன்டெனா எல்லாத் திசைகளிலும் பரப்பாது, ஒரு குறுகிய திசையில் மட்டுமே பரப்பும், அந்தத் திசையிலிருந்து வருவதை மட்டுமே நன்றாக வாங்கும்.

உண்மையான எதிரிகள்

காற்று முற்றிலும் குற்றமற்றது என்று சொல்ல முடியாது. 60 கிகாஹெர்ட்ஸ் அருகே ஆக்சிஜன் மூலக்கூறுகள் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 டெசிபல் உட்கவர்கின்றன; அந்தப் பகுதியில் காற்றைக் குறை சொல்வது பொருந்தும். மழையும் கணக்கில் வரும், ஏனெனில் மழைத்துளியின் அளவு அலைநீளத்தை நெருங்குகிறது. மணிக்கு 50 மில்லிமீட்டர் என்ற கனமழையில் 28 கிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்கு 9 டெசிபல் அளவில் இழக்கும். ஆனால் நகர்ப்புறத்தில் கைப்பேசிகளோடு தொடர்புகொள்ளும் ஒரு தள நிலையம் சேவை தரும் தூரம் பெரும்பாலும் 200 மீட்டருக்குள் அடங்குவதால், அந்த இழப்பு 2 டெசிபலுக்குள் முடிந்துவிடுகிறது.

பெரிய அடி விழுவது, வழியில் ஏதேனும் குறுக்கிடும்போதுதான். நீண்ட அலைகள் தடையின் ஓரத்தில் வளைந்து அதன் பின்புறத்தையும் ஓரளவு சென்றடைகின்றன; விளிம்பு விளைவு எனப்படும் இந்த வளைவு அலைநீளம் குறையக் குறைய வலுவிழக்கிறது. 100 மீட்டர் பாதையின் நடுப்பகுதியில், 700 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் சென்றடையப் பயன்படுத்தும் வெளி ஏறத்தாழ 3.3 மீட்டர் ஆரம் கொண்டது. அதன் நடுவே ஒருவர் நின்றாலும் பெரும்பகுதி அவரைச் சுற்றிப் போய்விடும். 28 கிகாஹெர்ட்ஸில் அந்த ஆரம் அரை மீட்டராகச் சுருங்கிவிடுகிறது, கைப்பேசியை நெருங்க நெருங்க இன்னும் சுருங்குகிறது. எனவே, கைப்பேசியை வைத்திருப்பவரின் உடலே நிலையத்துக்கும் கைப்பேசிக்கும் இடையே வந்தால் 20 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு நேரலாம். விரல்கள் ஆன்டெனாவை மூடினாலே சிக்னல் சரிவதும் இதனால்தான்.

சுவர்களும் கண்ணாடிகளும் இன்னும் கடுமையானவை. தியோடர் ராப்பபோர்ட் தலைமையிலான குழு நியூயார்க் நகரில் 28 கிகாஹெர்ட்ஸில் அளந்து 2013-இல் வெளியிட்ட முடிவுகளில், செங்கல் தூண் ஒன்று 28 டெசிபலையும், கட்டடத்தின் வெளிப்புறச் சாயக் கண்ணாடி 40 டெசிபலையும் பறித்தன. சாதாரணத் தெளிந்த கண்ணாடியோ 4 டெசிபல் அளவில் நின்றுவிட்டது. 40 டெசிபல் என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு பூசப்பட்ட நவீனக் கண்ணாடிச் சுவர்கள் தெருவில் இருக்கும் சிக்னலைக் கட்டடத்துக்குள் விடாததற்கு இதுவே காரணம். உட்புறச் சேவைக்கு உள்ளேயே ஒரு நிலையம் வைப்பதைத் தவிர நேர்மையான தீர்வு வேறில்லை என்றே சொல்வேன்.

ஆனால் அதே அளவீடுகள் நம்பிக்கை தரும் செய்தியையும் கொண்டுவந்தன. உள்ளே விடாத சுவர், சிக்னலைத் திருப்பி அனுப்பவும் செய்கிறது. நிலையம் கண்ணுக்குத் தெரியாத தெருமூலைகளிலும், எதிர்க்கட்டடத்தில் பட்டு எதிரொளித்து வந்த சிக்னல்களை அந்தக் குழு 200 மீட்டர் வரை பெற முடிந்தது. நேர்ப்பாதை அடைபட்டாலும் பக்கவழிகள் சில இருக்கும். அவை ஒவ்வொன்றும் வேறொரு திசையில் இருக்கும். சரியான நேரத்தில் சரியான வழியை நோக்கித் திரும்பத் தெரிய வேண்டும், அவ்வளவே.

கற்றையை உருவாக்குவதும் திருப்புவதும்

பல சிறு ஆன்டெனாக்கள் ஒரே சிக்னலை ஒரே நேரத்தில் அனுப்பும்போது, வெளியில் ஒவ்வொரு புள்ளியிலும் அவற்றின் அலைகள் ஒன்றோடொன்று கூடுகின்றன. முகடும் முகடும் சேருமிடத்தில் வலுக்கின்றன. முகடும் அகடும் சேருமிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எந்தத் திசையில் வலுக்க வேண்டும் என்பதை, ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் செல்லும் சிக்னலின் கட்டத்தை, அதாவது அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை (ஒரு முழு அலை 360 பாகை), சற்று முன்பின்னாகத் தள்ளுவதன் மூலம் நாமே தீர்மானிக்கலாம். எந்தப் பாகமும் அசைவதில்லை. ஜெர்மன் இயற்பியலாளர் ஃபெர்டினாண்டு பிரவுன் 1905-இல் மூன்று ஆன்டெனாக்களைக் கொண்டே இதைச் செய்து காட்டினார்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். 28 கிகாஹெர்ட்ஸில் எட்டுச் சிறு ஆன்டெனாக்கள், அரை அலைநீளமான 5.35 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு நேர்கோட்டில் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் சிக்னல் கொடுத்தால், வரிசைக்கு நேர் எதிரே கற்றை எழும். இப்போது அந்தக் கற்றையை 30 பாகை வலப்புறம் திருப்ப வேண்டும். 30 பாகைத் திசையில் தொலைவில் இருக்கும் கைப்பேசிக்கு, வலப்பக்கம் உள்ள ஒவ்வோர் ஆன்டெனாவும் அதன் இடப்பக்கத் துணையைவிட 2.7 மில்லிமீட்டர் அருகில் இருக்கிறது. அது சரியாகக் கால் அலைநீளம், அதாவது 90 பாகைக் கட்டம். அருகில் இருப்பதன் அலை முந்திக்கொள்ளாதபடி, அதை 90 பாகை தாமதப்படுத்தி அனுப்பினால் போதும். இடமிருந்து வலமாக 0, 90, 180, 270, மீண்டும் 0, 90, 180, 270 என்று கட்டங்களைத் தாமதப்படுத்தினால், 30 பாகைத் திசையில் எட்டு அலைகளும் தோளோடு தோள் நின்று சேர்கின்றன. அதே நேரத்தில், முன்பு கற்றை நின்ற நேர் எதிர்த்திசையில் முதல் ஆன்டெனாவை மூன்றாவதும், இரண்டாவதை நான்காவதும், அப்படியே ஐந்தாவதை ஏழாவதும் ஆறாவதை எட்டாவதும் முற்றாக அழித்துவிடுகின்றன. அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை. இத்தனைக்கும் ஓர் ஆன்டெனாவுக்கும் அடுத்ததற்கும் இடையே கொடுத்த தாமதம் ஒரு நொடியின் இலட்சம் கோடியில் 9 பங்கு.

எட்டு ஆன்டெனாக்கள் தரும் கற்றையின் அகலம் ஏறத்தாழ 13 பாகை. பதினாறு வைத்தால் 6 பாகை அளவுக்குக் குறுகும். கிடையாகவும் செங்குத்தாகவும் திருப்ப வேண்டுமென்றால் சதுர அடுக்காக வைக்க வேண்டும். 28 கிகாஹெர்ட்ஸில் எட்டுக்கு எட்டாக 64 ஆன்டெனாக்கள் 4.3 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் அடங்கிவிடும். அதே அடுக்கு 700 மெகாஹெர்ட்ஸில் 1.7 மீட்டர் பக்கம் கொண்ட பலகையாகிவிடும். அள்ளும் பரப்பைச் சிறுக்க வைத்த அதே குறுகிய அலைநீளம்தான் இந்த மருந்தையும் கையடக்கமாக்குகிறது. ஒரே மொத்த ஆற்றலை 64 ஆன்டெனாக்களுக்குப் பகிர்ந்து கொடுத்தால், கற்றையின் திசையில் 64 மடங்கு, அதாவது 18 டெசிபல் ஆதாயம் கிடைக்கும். ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் தனிப் பெருக்கி இருந்து, எல்லாம் முழு ஆற்றலில் அனுப்பினால், மொத்த ஆற்றலும் 64 மடங்காகி, அத்திசையில் ஒற்றை ஆன்டெனாவைவிட 36 டெசிபல் வலுவான சிக்னல் சென்று சேரும்.

இதற்கு எல்லைகள் உண்டு. கற்றையை ஓரத்துக்குத் திருப்பத் திருப்ப, அந்தத் திசையிலிருந்து பார்க்கும்போது பலகை ஒடுங்கித் தெரிகிறது. 60 பாகையில் அதன் பயனுள்ள பரப்பு பாதியாகி, குறைந்தது 3 டெசிபல் போய்விடும், கற்றையும் அகன்றுவிடும். இதனால்தான் சுற்றுப்புறம் முழுவதையும் ஒரே பலகையால் பார்க்காமல், ஒவ்வொன்றும் 120 பாகையைக் கவனிக்கும் மூன்று பலகைகளை நிறுவுவது வழக்கமாயிற்று. இடைவெளியை அரை அலைநீளத்தைவிட மிகவும் கூட்டினால், நாம் கேட்காத வேறொரு திசையிலும் எல்லா அலைகளும் ஒன்றுசேர்ந்து இன்னொரு முழுக் கற்றை எழுந்துவிடும்.

கட்டத்தை எங்கே மாற்றுவது என்பதிலும் தேர்வுகள் உள்ளன. ஒரே சிக்னலைப் பிரித்து, ஆன்டெனாவுக்கு முன்னால் கட்டம் மாற்றும் சிறு சுற்றுகளை வைப்பது அனலாக் முறை. மலிவானது, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு திசைதான். ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் தனி டிஜிட்டல் மாற்றியை வைத்துக் கணக்காலேயே கட்டம் மாற்றுவது டிஜிட்டல் முறை. ஒரே நேரத்தில் பல திசைகளை நோக்கலாம், ஆனால் 400 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஈடுகொடுக்கும் மாற்றிகளை நூற்றுக்கணக்கில் வைத்தால் அவை தின்னும் மின்சாரமும் வெளியிடும் வெப்பமும் மிகுதி. இரண்டுக்கும் நடுவே, சில டிஜிட்டல் தடங்கள் ஒவ்வொன்றும் ஓர் அனலாக் அடுக்கை இயக்கும் கலப்பு முறையே இந்த அதிர்வெண்களில் பெரிதும் பின்பற்றப்படுகிறது.

தேடுவதும் தொடர்வதும்

கற்றை குறுகியதாகிவிட்டால், கைப்பேசி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதனிடம் பேச முடியாது. பேசாமல் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. இந்த முடிச்சை அவிழ்க்க, 5ஜி நிலையம் ஓர் அறிமுகச் சிக்னலைத் திசை திசையாக வரிசையில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மில்லிமீட்டர் பட்டைகளில் அதிகபட்சம் 64 திசைகள் வரை, 5 மில்லிநொடிக்குள் ஒரு சுற்று முடிகிறது. அந்தச் சுற்று பெரும்பாலும் 20 மில்லிநொடிக்கு ஒருமுறை நிகழ்கிறது. கைப்பேசி எந்தத் திசைக்குரிய சிக்னல் தனக்கு நன்றாகக் கேட்டது என்று கணித்து, அதற்குரிய நேரத்தில் பதில் அனுப்புகிறது. கைப்பேசிக்கும் சொந்தக் கற்றைகள் உண்டு: அதன் விளிம்புகளில் பொருத்தப்பட்ட, சில சிறு ஆன்டெனாக்கள் மட்டுமே கொண்ட அடுக்குகள். ஒரு பக்கத்தைக் கை மூடினாலும் இன்னொரு பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகவே அவை வெவ்வேறு விளிம்புகளில் வைக்கப்படுகின்றன. கைப்பேசி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கற்றையாக எட்டைச் சோதித்தால், முழுத் தேடலுக்கு 160 மில்லிநொடி ஆகும். முதல் பொருத்தம் கிடைத்தபின், அந்தத் திசையைச் சுற்றி மட்டும் இன்னும் குறுகிய கற்றைகளால் சோதித்துச் செம்மைப்படுத்துகிறார்கள்.

கண்டுபிடிப்பதைவிடத் தொடர்வதுதான் கடினம் என்பது என் எண்ணம். 6 பாகைக் கற்றை 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 11 மீட்டர் அகலம் விரிந்திருக்கும். நடந்து செல்பவர் அதைக் கடக்கப் பல நொடிகள் ஆகும். 10 மீட்டர் தொலைவிலோ அதன் அகலம் ஒரு மீட்டர்தான். சிக்னல் மிக வலுவாக உள்ள அந்த இடத்தில் ஒரு நொடிக்குள் அவர் கற்றைக்கு வெளியே போய்விடுவார். அதைவிட வேகமானது மணிக்கட்டு. கைப்பேசியைக் கிடையாகத் திருப்பும் அரை நொடியில், நிலையத்தின் கற்றை சரியாகவே இருந்தாலும் கைப்பேசியின் கற்றை முற்றிலும் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பேருந்து ஒன்று குறுக்கே வந்து நின்றால் எந்தத் திருத்தமும் பயனளிக்காது; எதிரொளித்து வரும் வேறொரு வழிக்குத் தாவியாக வேண்டும். இதற்காகவே கைப்பேசி, பயன்பாட்டில் உள்ள கற்றையோடு மாற்றாகக்கூடிய சிலவற்றையும் அளந்து வைத்திருக்கிறது. பயன்பாட்டில் உள்ளது தொடர்ந்து தவறினால், மாற்றுக் கற்றை ஒன்றைத் தேர்ந்து நிலையத்துக்குத் தானே தெரிவிக்கிறது. அதுவும் கைகூடாத வேளைக்கென, தாழ்ந்த அதிர்வெண்ணில் இன்னோர் இணைப்பைப் பிடித்து வைத்திருப்பது வழக்கம்.

இவ்வளவு உழைப்பும் பயன் தருமா என்பது இடத்தைப் பொறுத்தது. விளையாட்டரங்கம், ரயில் நிலையம் போல ஆயிரக்கணக்கானோர் திறந்த வெளியில் ஒரே நேரத்தில் கூடுமிடத்தில், அகலமான தடமும் திசை பிரிக்கும் கற்றைகளும் வேறெதுவும் தர முடியாத கொள்ளளவைத் தருகின்றன. பரந்த ஊர்ப்பகுதி முழுவதும் இந்த அலைகளால் சேவை தர முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 200 மீட்டருக்கு ஒரு நிலையம் என்பது எளிதில் ஈடுகட்ட முடியாத செலவு. தென்கொரியாவில் மூன்று கைப்பேசி நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட எண்ணிக்கையில் 28 கிகாஹெர்ட்ஸ் நிலையங்களை நிறுவாததால், 2022-லும் 2023-லும் அரசு அவற்றின் அந்த அதிர்வெண் உரிமங்களை ரத்து செய்தது.

வீட்டின் கூரையிலோ வெளிச்சுவரிலோ நிலையாகப் பொருத்தப்படும் வாங்கி, இதற்கு நேர்மாறான நிலையில் இருக்கிறது. அது அசைவதில்லை, யாருடைய கையும் அதை மூடுவதில்லை, பெரிய ஆன்டெனா அடுக்குக்கு அங்கே இடமும் இருக்கிறது. இரு முனைகளிலும் பரப்பைக் கூட்ட முடிவதால் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் வரை எட்டலாம். அந்தத் தூரத்தில்தான், தெருவில் புறக்கணிக்க முடிந்த மழை மீண்டும் கணக்குக்குள் வருகிறது: மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பாதை முழுவதும் பெய்தால் 2 கிலோமீட்டருக்கு 18 டெசிபல் போகும், எனவே தெளிந்த நாளில் தேவைப்படுவதற்கு மேல் அந்த அளவு சிக்னலை இருப்பு வைத்தே அத்தகைய இணைப்பை வடிவமைக்க வேண்டியிருக்கிறது.